கடிபட்ட இலை

மத்தியதரைக் கடலோரத்திலிருந்து வந்த அந்தச் செடி, தோட்டத்தில் பேர் ஊர் தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து நின்றது. விஷச்செடியோ என்று பயந்த தோட்டக்காரி, வெட்டியெறிய மண்வெட்டி எடுக்கப் போனாள். ஓட முடியாத செடி அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றது.

அதற்குள் வேலிக்கு வெளியே நின்ற வெள்ளாடு எட்டி ஓர் இலையைக் கடித்தது.

"தூ, பூண்டு நாத்தம். முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றது ஆடு.

"யாராவது கேட்டாத்தானே சொல்ல? எல்லாரும் பூவை மட்டும் பாத்துட்டுப் போயிடுறாங்க."

ஆட்டை விரட்ட ஓடிவந்தவளுக்கும் அந்த வாடை அடித்தது. கிழிந்த இலையைக் கசக்கி முகர்ந்தாள். விஷச்செடி இல்லை, பூண்டு இனம்தான் என்று தெரிந்தது. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, 'ரோஜா நிறக் காட்டுப் பூண்டு' என்று பலகை எழுதி நட்டாள்.

புது இலை விட்டதும் செடி அதை வேலிக்கு வெளியே நீட்டியது. "உனக்குத்தான் அண்ணே, சாப்பிடு."

ஆடு மூன்றடி தள்ளி நின்றது. "நன்றியை மனசோட வச்சுக்கோ தம்பி, வாயில ஊட்டாதே."