வேன் முதுகில் ஒரு நம்பர்

“அந்த ஆளை வேலையை விட்டே தூக்கணும். அதுக்குக் குறைஞ்சு எது சொன்னாலும் நான் போனை வைக்க மாட்டேன்.”

பாலத்து இறக்கத்தில் ஒரு காலைத் தரையில் ஊன்றி, சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள் அவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆறரைக்கு முதல் ஊசி குத்த வேண்டியவள், போனை விடுவதாக இல்லை.

கோபம் வராதா பின்னே? அவள் முழங்கைக்கு நாலு விரல் இடம் விட்டுப் பறந்திருக்கிறது ஒரு ரொட்டி வேன். இது மூணாவது தடவை. வேனின் முதுகில் கொட்டை எழுத்தில், ‘நான் ஒழுங்காக ஓட்டுகிறேனா? புகார் சொல்ல அழையுங்கள்’ என்று ஒரு நம்பர் வேறு. திமிரைப் பாருங்கள்.

“நீங்க ரோட்டு ஓரமாத்தான் போனீங்களா மேடம்?” மறுமுனையில் ஒரு பெண் குரல், தேன் தடவினாற்போல.

“ஓரத்துல சாக்கடை மூடி. அதைத் தாண்டினா வரிசையா கார் நிக்குது. எவன் எப்பக் கதவைத் திறப்பான்னு யாருக்குத் தெரியும்? ஒரு கை தள்ளித்தான் போக முடியும். விலகறதுக்கு முன்னாடி திரும்பிப் பார்த்தேன், கையும் காட்டினேன். இன்னும் என்ன, தண்டோரா போடணுமா?”

அத்தனையும் அவள் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த பாடம். பதினெட்டு வருஷம் வாடகைக் கார் ஓட்டியவர். கம்பெனி கையை விரித்துவிட, ஏழு மாதமாக வீட்டில் இருக்கிறார். பஸ்ஸை நம்பித் தாமதமாகப் போய் அவள் தினமும் திட்டு வாங்கியபோது, பழைய சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்ததும் அவர்தான்.

“ஒளிஞ்சு ஒளிஞ்சு போகாத. டிரைவர் கண்ணுல நீ படணும். பட்டா தானா ஒதுங்குவான். நாங்க என்ன ராட்சசங்களா?” என்பார்.

ரெண்டு நாள் கழித்துத் தேன் குரலே கூப்பிட்டது.

“உங்க புகாருக்கு நடவடிக்கை எடுத்தாச்சு மேடம். அந்த டிரைவரை நீக்கிட்டோம்.”

அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. குளிர்ந்த மனசில் சட்டென்று ஒரு யோசனை.

“அப்போ அந்த இடம் காலியாத்தானே இருக்கும்?”

அடுத்த திங்கட்கிழமை வீட்டுக்காரர் ரொட்டி வேனில் ஏறிவிட்டார். “இனிமே அந்தப் பாலத்துல நான் கண்ணை மூடிட்டுப் போவேன்” என்று பரிசோதனைக் கூடத்தில் ஒருத்தர் விடாமல் சொல்லித் தீர்த்தாள்.

மூணு வாரம்கூட ஆகவில்லை.

அன்றைக்குத் தூறல். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தாள். ஒரு ஹாரன்கூட இல்லை. வேனின் பக்கக் கண்ணாடி முழங்கையில் இடித்தது. சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தலையைத் தூக்கிப் பார்த்தால், அதே கொட்டை எழுத்து தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. நிற்கவே இல்லை.

மத்தியானம் கையில் கட்டோடு வீட்டுக்குள் நுழைந்தாள். வீட்டுக்காரர் பதறி எழுந்தார்.

“என்னாச்சு கையில?”

“பாலத்துல ரொட்டி வேன் இடிச்சுது.”

அவர் முகம் வெளுத்துப்போனது. “அந்த மழைக்கோட்டு... நீயா அது?”

“வேற யாரா இருந்தா பரவாயில்லையா? இடிச்சது தெரிஞ்சும் நிக்காம போயிருக்கீங்க. நீங்கல்லாம் ஒரு மனுஷனா?”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார்.

“தினமும் காலையில குடுக்கற தாள். அஞ்சு மணிக்கு வண்டியை எடுத்து, ஏழுக்குள்ள நாற்பத்திரண்டு கடை. ஓட்டறது, இறக்கறது, கையெழுத்து வாங்கறது எல்லாம் சேர்த்துக் கடைக்கு மூணு நிமிஷம்கூட இல்ல. முதல் வாரம் ஒழுங்காத்தான் ஓட்டினேன். ரெண்டு நாள் தாமதம்னு எழுதிட்டாங்க. மூணாவது எழுதினா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

அவளைப் பார்க்காமலே மேலே சொன்னார். “கண்ணாடியில பார்த்தேன். எழுந்து உட்கார்றது தெரிஞ்சுது. போயிட்டேன்.”

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்னால் ஓட்டினவர் பையிலும் இதே தாள்தான் இருந்திருக்கும். அந்த ஆளுக்கு இப்போது வேலை கிடைத்ததோ இல்லையோ.

“உங்க மேல இருக்கிற கோபம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. அதை அப்புறம் வச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.

“வணக்கம் மேடம். டிரைவர் மேல புகாரா?” அதே தேன் குரல்.

“இடிச்சது வேன்தான். ஆனா புகார் இந்தத் தாளை எழுதினவர் மேல. ரெண்டு மணி நேரத்துல நாற்பத்திரண்டு கடைன்னு உட்கார்ந்த இடத்துல எழுதிக் குடுத்திருக்காரே, அவர் மேல. அவரே ஒரு நாள் அந்த வேனை ஓட்டிப் பார்க்கட்டும். இல்லன்னா ஒரு நாள் அதுக்கு முன்னாடி சைக்கிள்ல போய்ப் பார்க்கட்டும்.”

மறுமுனையில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“அதைப் பதிய இங்க இடமே இல்லையே மேடம்.” குரலில் நிஜமாகவே வருத்தம். “டிரைவரை எச்சரிக்கணும், டிரைவரை நீக்கணும், இந்த ரெண்டே கட்டம்தான் திரையில வருது. உங்களுக்கு எதைப் போடட்டும்?”