காணாமல் போன எழுத்து

தொண்டைத் தண்ணி வற்றப் பேசாவிட்டால் செல்போன் கடைக்காரருக்குக் கை ஓடாது.

"வெளிநாட்டுல இருக்கற மூத்தவன் தினமும் வீடியோவுல வருவான் தம்பி. ரெண்டு நாளா நெட்டே இல்ல. டவர் கோளாறுன்னு மக சொல்றா" என்று தன் போனை நீட்டினார் பெரியவர்.

"டவர் பாவம் ஐயா, அது பாட்டுக்கு நிக்குது!" கடைக்காரர் செட்டிங்ஸைத் திறந்தார். "நெட்டுக்கு வாசலே இந்த ஏபிஎன் பேருதான். அதுல யாரோ வேணும்னே ஒரு எழுத்தை அழிச்சிருக்காங்க."

அதற்குள் போன் அடித்தது. மகள்.

"கட் பண்ணிடு. சொல்லாம வந்துட்டேன், திட்டுவா."

மறுபடியும் அடித்தது. விடாமல் அடித்தது.

கடைக்காரர் அதையும் கட் செய்துவிட்டு, குறைந்த எழுத்தைச் சேர்த்தார். செய்திகள் மடமடவென்று வந்து விழுந்தன.

"பார்த்தீங்களா நம்ம கைராசிய!" என்றவரின் கண் முதல் செய்தியில் நின்றுவிட்டது.

'உங்கள் மூத்த மகனின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்.'

"மூத்தவன் அனுப்பினதா? கண்ணாடி எடுத்துட்டு வரல. நீயே படிச்சுச் சொல்லு தம்பி."

கடைக்காரருக்கு நிஜமாகவே தொண்டைத் தண்ணி வற்றியது. வந்த செய்திகளையும் சேர்த்த எழுத்தையும் மெல்ல அழித்தார்.

"வெறும் கம்பெனி விளம்பரம் ஐயா. உங்க மக சொன்னதுதான் சரி. டவர் கோளாறு."