முயல் போட்ட முட்டை

தவக்காலம் முழுக்க அந்த வீட்டில் யாரும் முட்டையைத் தொடவில்லை. விரதம் வீட்டுக்காரர்களுக்குத்தானே? செம்பி என்ற கோழி போட்டுக்கொண்டேதான் இருந்தது. கூடை நிரம்பி வழிந்தது. பிள்ளைகளுக்கு ஈஸ்டர் முட்டை கொண்டுவரும் முயல் முந்தின நாளே வந்து, முட்டைகளுக்கெல்லாம் பீட்ரூட் சாறும் மஞ்சளும் பூசித் தன் கூடையில் அடுக்கியது.

"இதையெல்லாம் தோட்டத்துல ஒளிச்சு வைக்கப் போறேன். நாளைக்குப் பிள்ளைங்க தேடி எடுத்து, முயல் போட்ட முட்டைன்னு குதிப்பாங்க பாரு," என்றது பெருமையாக.

செம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முக்கி முக்கிப் போட்டவ நான். பேரு உனக்கா? பிள்ளைங்ககிட்ட உண்மையச் சொல்லு."

"சொன்னா அதிசயம் போயிடுமே செம்பியக்கா. கோழி போட்ட முட்டையை யாரு புதர் புதராத் தேடுவா?"

"அப்படியா? நாளைக்கு வா, பாத்துக்கறேன்."

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பிள்ளைகள் தோட்டத்துக்குள் பாய்ந்தார்கள். அத்தனை பேர் கண்ணெதிரே செம்பி முயலின் கூடைக்குள் ஏறி உட்கார்ந்து, ஒரு முட்டை போட்டு, தெருக்கோடி வரை கேட்கக் கொக்கரித்தது. முயல் தலையைத் தொங்கப் போட்டது.

கடைக்குட்டி ஜெசிந்தா அலறினாள். "அம்மா, முயலோட முட்டை மேல கோழி உக்காந்திருக்கு! உடைச்சிடப் போகுது, விரட்டுங்க!"

முயல் நிமிர்ந்து உட்கார்ந்தது. அம்மா விளக்குமாற்றோடு வந்தாள்.

செம்பி நகரவில்லை. சிறகை அகல விரித்து, சூடாறாத முட்டையின் மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தது.

"வேணும்னா முயலை இன்னொண்ணு போடச் சொல்லு," என்றது அம்மாவிடம்.