யார் பின்னால் யார்

"ஸ்கூல் பஸ் ஓட்டறது வேற, கணவாய் மேல சைக்கிள்ல ஏழு பேரைக் கூட்டிக்கிட்டுப் போறது வேற" என்றார் யோரி.

ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் சைக்கிள் கழகத்தார் எட்டுப் பேரும் வழக்கம்போல் விடுதியின் பின்னறைக்கு வந்துவிட்டார்கள். பியர் கோப்பைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேஜை முழுக்க வரைபடத்தை விரித்திருந்தாள் மெங்கியா. ஆகஸ்ட் முதல் வாரம் ரோட்டா கணவாய். இரண்டாயிரத்து எண்ணூறு மீட்டர் உயரம். இந்த வருடம் முன்னால் போவது யார் என்று கைதூக்கி முடிவு செய்ய வேண்டும்.

பதினேழு வருடமாக அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. யோரிதான் முன்னால் போவார். போன ஆகஸ்டில் வழி தவறி எல்லாரும் பனி மூடிய மலைச்சரிவில் மாட்டிக்கொண்டு, கணவாய்க்கு அந்தப் பக்கத்து மீட்புப் படை ஹெலிகாப்டரில் வந்து ஒவ்வொருவராகக் கயிற்றில் தூக்கிப்போன பிறகுதான் எழுந்தது. யோரி தச்சுப்பட்டறையை மகனிடம் ஒப்படைத்து மூன்று வருடமாகிறது. ஊரில் இன்னும் நாலு பேர் அவரைத் 'தலைவரே' என்று கூப்பிட இந்தக் கணவாய் ஒன்றுதான் மிச்சம். அதை விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவதாக அவர் வரவில்லை.

மெங்கியா கணவாய்க்கு அந்தப் பக்கத்துக்காரி. போன இலையுதிர் காலத்தில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தவள், வசந்தத்தில் கழகத்தில் சேர்ந்தாள். ஏற்றத்தில் அவளோடு ஈடு கொடுக்க முப்பது வயது லூட்சியாலேயே முடியவில்லை. அதை யோரியும் மறுக்கவில்லை. காலில் பலம் இருந்தால் போதுமா என்றுதான் கேட்டார்.

அவள் திட்டத்தைச் சொன்னாள். காலை நாலு மணிக்குப் புறப்பாடு. வெயில் பனியை இளக்குவதற்குள், எட்டு மணிக்கு முன்பே சரிவைத் தாண்டியாக வேண்டும். ஆட்டு மந்தையைக் காக்கும் நாய்கள் வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். கடைசித் தண்ணீர் பாலாடைக்கட்டி செய்யும் குடிசையில். அதற்கு மேல் ஒரு மணி நேரம் சைக்கிள் தோளில். பதினொரு மணிக்கு உச்சியில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும்.

"உச்சி கண்ணு முன்னால தெரிஞ்சா?" என்றார் யோரி.

"திரும்பணும்."

"பத்து நிமிஷத் தூரம்தான் பாக்கின்னா?"

"அப்பவும்."

"அப்ப கடிகாரத்தையே தலைவராக்கிடலாமே. அதுக்குப் பியரும் வாங்கித்தர வேண்டாம்" என்றார் கறிக்கடை ஹிட்ச். எல்லாரும் சிரித்தார்கள். மெங்கியாவும் சிரித்தாள். ஆனால் பதினொன்று என்று வரைபடத்தில் எழுதியதை அடிக்கவில்லை.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் விரலை வைத்தார் யோரி. இடது பக்கம் ராணுவம் போட்ட அகலப் பாதை இருக்க, ஆடு போகிற வலது பாதையை இவள் ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்று கேட்டார்.

"இடது பாதை பாறை சரிஞ்சு பாதியில நின்னுபோச்சு" என்றாள். "போன வருஷம் நீங்க மாட்டினதும் அதனாலதான். மூடுபனியால இல்ல."

பத்து மாதமாக யோரி ஊர் முழுக்க மூடுபனியைத்தான் குற்றம் சொல்லி வந்தார்.

"அங்க நீ இருந்தியா?"

அவள் ஆப்பிள் ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

யோரி எழுந்து நின்றார். வழி தவறியதை வேண்டுமானால் பேசுங்கள், அதற்குப் பிறகு நடந்ததையும் பேசுங்கள் என்றார். ஆறு பேரையும் முதலில் மேலே அனுப்பிவிட்டுக் கடைசி ஆளாகச் சரிவில் நின்றது யார்? கயிற்றில் தொங்கும்போதுகூட ஊர்ப் பாட்டைப் பாடிக்கொண்டே வந்தது யார்? மீட்புப் படை ஆளே அசந்துபோய்க் கை குலுக்கினான். இந்தக் கதை எல்லாருக்கும் மனப்பாடம். லூட்சி கூரையைப் பார்த்தான். ஆனாலும் கடைசியாக நின்றது உண்மைதான் என்று இரண்டு பேர் தலையாட்டினார்கள். யோரிக்குத் தெம்பு வந்தது.

"சரி, உன் வரிசை என்ன, அதையும் சொல்லு" என்றார்.

"முன்னால நான். எனக்கு அடுத்து நீங்க. பனிச்சரிவுல என் பின்னாலயே வரணும்."

"பதினேழு வருஷம் முன்னால போனவன் நான். உன் முதுகை எதுக்கு நான் பார்த்துக்கிட்டு வரணும்?"

ஹிட்ச் போதும் என்று மேஜையைத் தட்டினார். பேசியது போதும், கைகளை எண்ணலாம் என்றார். ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றும் மூன்றுமாகப் பிரிந்துவிடும் போலிருந்தது. யோரி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

மெங்கியா தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தாள்.

"அன்னிக்கு நீங்க பாடலை, யோரி. மீட்புப் படை ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமா இருந்த என் கழுத்தை ரெண்டு கையாலயும் இறுக்கிக்கிட்டு, கீழ இறங்கற வரைக்கும் 'அம்மா, விட்டுடாதே'ன்னு அழுதீங்க. அதுல ஒண்ணும் தப்பில்ல. நீங்க யாருக்குக் கை தூக்கினாலும் நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"மெங்கியாவுக்கு யார் யாரு?" என்று ஹிட்ச் கேட்டு முடிப்பதற்குள் முதலில் உயர்ந்தது யோரியின் கை.