பழம் பறிக்கப் போகும் வாத்தியார்

இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சைலாஸ் மேடேறியபோது, அவன் பாடம் நடத்தும் பள்ளிக்கூடமே ஆலமரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தது.

"சார், முட்டி பத்திரம்!" என்று ஒரு வாயாடிப் பெண் கத்தினாள்.

வேறு நாளாக இருந்தால் அவளுக்குப் பத்து வாய்ப்பாட்டையும் எழுதச் சொல்லியிருப்பான். இன்று மூச்சுவிடவே நேரமில்லை.

மேட்டின் உச்சியில் கடிகாரமும் கையுமாக நின்றவன் யோலு. இந்த டன்னா தீவிலிருந்து வருஷாவருஷம் ஆஸ்திரேலியாவுக்கு ஆரஞ்சு பறிக்க ஆள் கூட்டிப்போகிற குழுத் தலைவன். யாரை எடுப்பது, யாரைக் கழிப்பது எல்லாம் அவன் வைத்ததுதான் சட்டம்.

இதே யோலுவுக்கு ஆறாம் வகுப்பில் வாத்தியார் சைலாஸ்தான். பயலுக்கு வகுத்தல் கணக்கு கடைசிவரை மண்டையில் ஏறவே இல்லை. "படிக்கலைன்னா பழம் பறிக்கத்தான்டா போவே" என்று அன்று திட்டியதும் சைலாஸ்தான்.

சொல்லிவைத்தாற்போலப் போனான். போனவன் சிமெண்ட் வீடு கட்டினான். வண்டி வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கறுப்புக் கண்ணாடியோடு முதல் வரிசையில் உட்கார்ந்தான். ஊரே கிழங்கையும் கீரையையும் இலையில் பொதிந்து லாப்லாப் சுட, அவன் வீட்டில் மட்டும் இலைக்குள் முழுக்கோழி வெந்தது.

சைலாஸின் வீட்டுக்கு இன்னும் ஓலைக் கூரைதான். ஒவ்வொரு புயலுக்கும் புதிதாக வேய வேண்டும்.

பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை. யோலுவின் வண்டி பள்ளியைத் தாண்டிப் போனால் போதும், கரும்பலகையில் பாதி எழுதிய கணக்கு சைலாஸுக்கு மறந்துபோகும். படிக்காதவன் வாழ்கிறானே என்று வயிறு எரியும். படிக்கவைத்த நான் வாழவில்லையே என்று அதற்குமேல் எரியும்.

அந்த எரிச்சல்தான் முப்பத்தெட்டு வயதில் மூட்டை தூக்க வைத்தது. சாக்பீஸ் பிடித்தது போதும், இனி தோட்டவேலைதான் என்று முந்தாநாள் மனைவியிடம் சொல்லிவிட்டான்.

"புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதையால்ல இருக்கு" என்றாள் அவள்.

விண்ணப்பத்தில் பழம் பறிப்பதா, கிளை நறுக்குவதா, கொட்டகையில் பெட்டி கட்டுவதா, எந்த வேலை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சைலாஸ் எல்லாவற்றுக்கும் குறி போட்டிருந்தான்.

மூட்டையை இறக்கினான். யோலு அவன் கைகளைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைத் தடவிப் பார்த்தான்.

"பஞ்சு மாதிரி இருக்கே, சார்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சைலாஸுக்கு முகம் சுட்டது. பழைய பாக்கியைத் தீர்த்துக்கொள்கிறான், கழித்துவிடப் போகிறான் என்றே நினைத்தான். பன்னிரண்டு பேரை எடுத்தாகிவிட்டது. மிச்சம் ஒரே ஓர் இடம். பின்னால் நின்ற இளவட்டம் ஒவ்வொன்றும் இரண்டு மூட்டையை அநாயாசமாகத் தூக்கும்.

யோலு ஒரு சீட்டில் பெயரை எழுதி நீட்டினான். சைலாஸ் என்று எழுதியிருந்தது. எழுத்துப் பிழைகூட இல்லை.

சைலாஸுக்கு ஆனந்தத்தில் தலைகால் புரியவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டே, "நாம ரெண்டு பேரும் ஒரே தோட்டமா யோலு?" என்றான்.

"நான் போகல, சார். இது என்னோட இடம். உங்களுக்குக் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

யோலு குரலைத் தாழ்த்தினான். "உங்களை ஊர்லேர்ந்து கிளப்பணும். அதுக்குத்தான்."

விளையாட்டாகச் சொல்வதாக நினைத்து சைலாஸ் சிரித்தான். யோலு சிரிக்கவில்லை.

"எம் பையன் நிக்கி உங்களைத்தான் பப்பான்னு கூப்பிடுறான், பெத்த அப்பன் என்னை இல்ல. போன வாரம் மரத்துலேர்ந்து விழுந்தான்ல? வாயெல்லாம் ரத்தம். நான் முன்னாடியே நிக்கிறேன், சார். என்னைத் தாண்டி உங்ககிட்ட ஓடுறான். எத்தனை வருஷமா உங்களைப் பார்த்து எனக்கு வயிறு எரியுது தெரியுமா?"

சைலாஸுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. பிள்ளையைத் தூக்கி வாயைத் துடைத்துவிட்டான். யோலு பக்கத்தில் நின்றதைத்தான் பார்த்ததாக ஞாபகமில்லை.

"ஒன்பது மாசம் கண்ணுல படலைன்னா உங்களை மறந்துருவான்" என்றான் யோலு. "குழந்தைங்க சீக்கிரம் மறந்துரும். அனுபவிச்சவன் சொல்றேன்."

சைலாஸ் கீழே பார்த்தான். மரத்தடியில் மனைவி நின்றிருந்தாள். அவள் இடுப்பில் இருந்த பத்து மாத மகள் இவனைக் கண்டுபிடித்துவிட்டு இரண்டு கையையும் ஆட்டினாள். இந்த வாரம்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருக்கிறாள்.

"நீயே வச்சுக்க யோலு" என்று சீட்டைத் திருப்பி நீட்டினான்.

யோலு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

வரிசையில் அடுத்து நின்ற நலாவ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஓலைக் கூரைதான், சைலாஸின் வீட்டுக்கு அடுத்த வீடு.

"வேணாம்னா எங்கிட்ட குடுங்க சார், நான் போறேன்!"

நலாவின் கை நீண்டதுதான் தாமதம், சைலாஸின் கை சீட்டோடு சட்டைப்பைக்குள் போய்விட்டது.