கிழக்கு ஓரத்துப் புல்

"என்னைப் பிளேன்ல ஏத்தி ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க, கேப்டன். எங்கப்பா வெட்டுற புல்லு அவ்வளவு அசிங்கமா இருக்கான்னு நானே பார்த்துக்கிறேன்."

வாசுகி கேட்டுவிட்டாள். கேட்கவே கூடாது என்று அப்பா குழந்தைவேலு படித்துப் படித்துச் சொல்லியிருந்தது இதைத்தான். படிப்புக்கு உதவி கேள், வேலைக்குச் சிபாரிசு கேள், கேப்டனிடம் எதை வேண்டுமானாலும் கேள். பிளேனில் ஏறணும் என்று மட்டும் வாயைத் திறக்காதே. முப்பத்தொரு வருடம் கைகட்டி நின்ற புத்தி வேறென்ன சொல்லும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

குருண் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த அந்தப் பழைய விமானத் திடலில் சனிக்கிழமை காலையிலேயே திருவிழாக் கூட்டம். வெள்ளைக்காரன் காலத்துத் திடல். அதை விற்றுச் சரக்குக் கிடங்கு கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து விமானக் கிளப்புக்காரர்களுக்குத் தூக்கம் இல்லை. ஈப்போவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஏழு குட்டி விமானங்களை வரவழைத்து, திடலைக் காப்பாற்ற வாருங்கள் என்று தோட்டத்து மக்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகள் இறக்கையைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றன. ஒன்பது மணிக்கே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் தீர்ந்துபோயிருந்தன.

கிளப்புக்கு வேண்டியது வாசுகியின் கையில் இருந்தது: திடலை விற்கக் கூடாது என்று அறுபத்திரண்டு குடும்பங்கள் போட்ட கையெழுத்து. வீடு வீடாக ஏறி அவள்தான் வாங்கினாள். தோட்டத்தின் முதல் பட்டதாரி. அவள் நீட்டிய தாளைப் பாதிப்பேர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோப்பைக் கொடுக்க வந்த இடத்தில்தான், அடுத்த மாதத்திலிருந்து புல் வெட்ட வேறு ஆள் என்று கிளப் தலைவர் கேப்டன் யோகேந்திரன் சாதாரணமாகச் சொன்னார்.

அப்பாவுக்கு வேலை இருந்தால்தான் உங்களுக்குக் கையெழுத்து என்று அவளும் சாதாரணமாகவே சொன்னாள்.

கேப்டன் கோபப்படவில்லை. குறைகளை எடுத்து வைத்தார். ஓடுபாதையின் கிழக்கு ஓரத்தில் மட்டும் புல்லைத் திட்டுத் திட்டாக விட்டுவிடுகிறாராம். நூறு தரம் சொல்லியாயிற்றாம். பூட்ஸ் வாங்கிக் கொடுத்தால், சரியாக அந்தப் பக்கம் போகும்போது கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு மெஷினைத் தூக்குகிறாராம். பிளேடு காலில் பட்டால் யார் பதில் சொல்வது?

"சோம்பேறித்தனம்லா, வாசுகி. நல்ல மனுஷன்தான், இல்லேங்கல. ஆனா மேலேர்ந்து பார்த்தா வெட்கமா இருக்கு. உங்க முடிவெட்டுறவன் யாருன்னு ஈப்போக்காரன் கேட்டுச் சிரிக்கிறான்."

"அதைத்தான் காட்டுங்கங்கிறேன்."

தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றிருந்த குழந்தைவேலு, மகள் விமானத்தில் ஏறுவதைப் பார்த்துவிட்டார். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் விமானம் உருள ஆரம்பித்திருந்தது. வழியனுப்புகிறார் என்று நினைத்துக் கேப்டனும் பதிலுக்குக் கையசைத்தார்.

ஜெராய் மலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. தோட்டத்துக் கோயில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. கேப்டன் இறக்கையைத் தாழ்த்தினார்.

"பாரு, உங்கப்பா கைவண்ணம்."

இருக்கத்தான் செய்தது. வெளிர்பச்சைத் தரையில் கரும்பச்சைத் திட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு பாய் அளவு. வரிசை பிடித்து, எல்லாமே தெற்கு வடக்காக. மூன்றாவது வரிசையின் கடைசியில் மட்டும் பாதிப் பாய் அளவில் ஒன்று. சோம்பேறியின் கை இப்படி நூல் பிடித்த மாதிரி வெட்டுமா?

"இன்னொரு சுத்து," என்றாள்.

இரண்டாவது சுற்றில் விரல்விட்டு எண்ணினாள். மூன்றாவது சுற்றில் கைப்பேசியை எடுத்து வரிசை வரிசையாகப் படம் பிடித்தாள். என்ன எண்ணுகிறாய் என்று கேப்டன் கேட்டபோது, இறங்கலாம் என்றாள்.

இறங்கியபோது அப்பா முகம் வெளுத்து நின்றிருந்தார். கேட்காதேன்னு சொன்னேனே என்று மட்டும் முனகினார்.

கேப்டன் கோப்புக்காகக் கையை நீட்டினார். "பார்த்துட்டல்ல? இப்பவாவது நியாயம் புரியுதா?"

"புரியுது. கையெழுத்து நாளைக்கு லேண்ட் ஆபீசுக்குப் போகும், நான் எடுத்த படத்தோட. நம்ம மாநிலத்துல வெள்ளி, சனிதானே லீவு, ஞாயித்துக்கிழமை திறந்துதான் இருக்கும். இந்த இடத்தை இனிமே எவனும் லேசுல விற்க முடியாது, கேப்டன். ஆனா நீங்களும் இனிமே எங்களைக் கேட்டுத்தான் இங்க பிளேனை இறக்கணும்."

அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். வாசுகி கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"மூணாவது வரிசையில சின்னதா ஒண்ணு இருக்கே. அது யாருப்பா?"

குழந்தைவேலு கிழக்கு ஓரத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"எங்க அக்கா. ஏழு வயசு. பாதையை அகலமாக்கினப்போ கல்லையெல்லாம் புடுங்கிட்டாங்க. வெளிய தெரிஞ்சா தோண்டி எடுத்து எங்கேயாவது கொட்டிடுவாங்கன்னுதான்மா நானே புல்லு வெட்ட வந்தேன்."

வாசுகி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த நாற்பத்தொரு சமாதிகளில் ஒன்றையும் மிதிக்காமல், கிழக்கு ஓரமாகவே திடலின் வாசலை நோக்கி நடந்தாள்.