ஓடும் நிலையில்

காலை ஏழே முக்காலுக்கு என் மனைவி பெர்னா சமையலறைத் தரையில் காலைப் பரப்பி உட்கார்ந்து, சூப் கரண்டியால் சைக்கிள் டயரை நெம்பிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு நகராட்சி ஆள் வருவான். அதற்குள் இந்த சைக்கிள் மில்லர் தெரு முனையில், அதே கம்பத்தில், ஓடும் நிலையில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கைவிடப்பட்ட வண்டி என்று எழுதிக்கொள்வார்கள். அப்புறம் அந்தக் கம்பத்தில் அதைப் பூட்டவே முடியாது. ஹேண்டில்பாரில் தொங்கிய ஆரஞ்சு அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

டயரைக் கத்தியால் கிழித்தது யார் என்று தெரியாது. புகார் கொடுத்தது யார் என்று தெரியும். முனையில் புதிதாகக் காபிக் கடை போட்டவர். எங்கள் சைக்கிள் அவருடைய வாடிக்கையாளர்களின் கண்ணை உறுத்துகிறதாம்.

"வீட்டுக்கு வந்தது வந்துடுச்சு. இங்கேயே இருக்கட்டுமே பெர்னா. கராஜ்ல இடமா இல்ல?"

"உனக்கு வேற வேலை இல்லேன்னா காபி போடு, லெஸ்."

காபி போட்டேன். முப்பத்து நாலு வருடக் குடித்தனத்தில் வேறென்ன கற்றுக்கொண்டேன்.

நேற்று கம்பத்திலிருந்து அவிழ்த்து வேனில் ஏற்றிக் கொண்டுவந்தவன் நான்தான். இறக்கும்போதே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன், இனி இது திரும்பிப் போகாது என்று. உள்ளதைச் சொன்னால் எனக்கு அலுத்துவிட்டது. அந்த முனையைப் பார்க்காமல் இருப்பதற்காகவே தினமும் நாலு தெரு சுற்றி வேலைக்குப் போகிறவன் நான்.

புது டயரின் ஒரு விளிம்பை ரிம்முக்குள் மாட்டினாள். டியூபில் கொஞ்சம் காற்றடித்து உள்ளே திணித்தாள். மறு விளிம்பைக் கட்டைவிரல்களால் அழுத்திக்கொண்டே வந்தாள். கடைசி நாலு அங்குலம் மட்டும் ஏறவில்லை.

கரண்டியை விட்டு நெம்பினாள். புஸ்ஸென்றது. கரண்டிக்கும் ரிம்முக்கும் நடுவில் சிக்கி டியூப் கிழிந்துவிட்டது.

"சொன்னேன்ல?" என்றேன். நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

அவள் கரண்டியைத் தொட்டிக்குள் விட்டெறிந்தாள். இருந்த ஒரே மாற்று டியூபை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மறுபடியும் அதே நாலு அங்குலம். இந்தத் தடவை வெறும் கை. கட்டைவிரல் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. ரிம்மின் பெயின்ட் நகத்துக்குள் ஏறியிருந்தது. எட்டரை ஆகிவிட்டது. வேண்டுமென்றே காபியை மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் போனால் போதும், தானாக முடிந்துவிடும்.

கோப்பையை வைத்துவிட்டு எப்போது மண்டியிட்டேன் என்று எனக்கே தெரியாது. டயர் நழுவாமல் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டேன். நாலு கட்டைவிரல்கள் சேர்ந்து அழுத்தின. டப்பென்று உட்கார்ந்தது.

"சீட்டையாவது இறக்கித் தரேன். போன வருஷம் கால் எட்டாமத்தானே விழுந்தே?"

"சீட்டைத் தொடாதே."

ஓடும் நிலை என்றால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஐம்பத்தொன்பது வயதுவரை சைக்கிளில் ஏறியே அறியாதவள், போன வருடம் முதல் அட்டை வந்தபோது, சர்ச் பார்க்கிங்கில் விழுந்து விழுந்து கற்றுக்கொண்டாள்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முனைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஓரத்தில் அழுக்குப் பனி இன்னும் கிடந்தது. நகராட்சி ஆள் சின்ன வயதுக்காரன். ஒரு கையில் படிவம், மறு கையில் பூட்டு வெட்டும் பெரிய கட்டர். டயரை அழுத்திப் பார்த்தான். பெடலைச் சுற்றிப் பார்த்தான்.

பெர்னா ஏறினாள். பெடல் கீழே போகும்போதெல்லாம் கால் எட்டவில்லை. தள்ளாடிக்கொண்டே காபிக் கடை ஜன்னல்வரை போனாள். அங்கே நின்று மணியை அடித்தாள். உள்ளே இருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்க்கும்வரை அடித்தாள். அப்புறம்தான் திரும்பி வந்து கம்பத்தில் பூட்டினாள்.

டயரைத் தவிர எல்லாமே வெள்ளை. ரிம், செயின், சீட், மணி, எல்லாம். இப்படி ஒரு வெள்ளை சைக்கிள் தெரு முனையில் நின்றால், சைக்கிளில் வந்த யாரையோ அந்த இடத்தில் வண்டி அடித்துக் கொன்றிருக்கிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வழக்கப்படி செயினையும் பெடலையும் கழற்றிவிட்டுத்தான் நிறுத்துவார்கள். யாரும் ஓட்டப் போவதில்லையே. பெர்னா இரண்டையும் வாங்கி மாட்டி, அவற்றுக்கும் வெள்ளை அடித்திருந்தாள். சீட் மட்டும் அவன் வைத்த உயரத்திலேயே இருக்கிறது.

நகராட்சிப் பையன் கம்பத்தில் கட்டியிருந்த போட்டோவைப் பார்த்தான். பூட்டை வெட்டக் கொண்டுவந்த கட்டரால் ஆரஞ்சு அட்டையின் கயிற்றை வெட்டினான். ஆனாலும் படிவத்தை நிரப்பியாக வேண்டும்.

"வண்டி யாரோடது மேடம்?"

"டெவின். எங்க பையன்."

"வயசு?"

பெர்னாவுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு வருடமாக அந்த முனையைத் தவிர்த்துக்கொண்டிருந்த நான்தான் சொன்னேன்.

"இருபத்திரண்டு. போன வருஷமும் இருபத்திரண்டுதான். அடுத்த வருஷம் நீங்க வந்தாலும் இருபத்திரண்டுன்னே எழுதிக்கோங்க."